தூங்குமூஞ்சி என்று பெயர் வைக்கும் முன்: குழந்தைகளின் நார்கோலெப்சி, 1880 முதல் இன்று வரை

வகுப்பில் தூங்கி விழுகிற பையனுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமே கிடையாது. தூங்குமூஞ்சி, கும்பகர்ணன், சோம்பேறி, மந்தம். எல்லாமே குணத்தைச் சொல்கிற பெயர்கள். 'இது ஒரு நோயாக இருக்கலாம்' என்று சொல்கிற பெயர் ஒன்றுகூட இல்லை.

இது நம்ம ஊருக்கு மட்டும் உரிய குறை இல்லை. நார்கோலெப்சி என்கிற தூக்க நோய்க்கு 1880லேயே பிரான்சில் பெயர் வெச்சாச்சு. ஆனா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது 18 வயசுக்கு முன்னாடியே தொடங்குது. குழந்தைகளிடம் அது வேற முகத்தோடு வருது. இதெல்லாம் மருத்துவ உலகத்துக்கே உறைக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அறிகுறி தொடங்கியதில் இருந்து நோய் கண்டுபிடிக்கப்படும் வரை பத்து வருடம் போவது சர்வசாதாரணமாக இருந்தது. பத்து வருஷம்னா ஒரு குழந்தையின் மொத்தப் பள்ளிக்கூட வாழ்க்கை.

ஏன் இவ்வளவு தாமதம்? நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இந்த வரலாற்றைத் தேடிப் படிச்சப்போ எனக்குத் தெரிஞ்ச பதில் எங்க துறைக்காரங்களுக்கு உடனே புரியும். இந்த நோய்க்கான 'ஸ்பெக்'கை ஒரு 38 வயசு ஆளை வெச்சு எழுதினாங்க. அப்புறம் வந்த ஒவ்வொரு குழந்தையையும் அந்த ஸ்பெக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'பொருந்தலையே, இது அது இல்லை' என்று திருப்பி அனுப்பினாங்க.

பீப்பாய் வியாபாரி

ழான்-பாப்டிஸ்ட்-எதுவார் ஜெலினோ முன்னாள் கடற்படை மருத்துவர். 1880இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த ஆள் ஒயின் பீப்பாய் விற்கும் வியாபாரி, வயது 38. ஒரு நாளைக்கு 200 தடவை வரை தூக்கம் அவரைப் பிடிச்சு இழுக்கும். சாப்பாட்டுக்கு நடுவில், பேச்சுக்கு நடுவில், நின்ற இடத்தில். அது மட்டுமில்லை. வாய்விட்டுச் சிரிச்சாலோ, நல்ல வியாபாரம் படிஞ்சாலோ, சீட்டாட்டத்தில் நல்ல கை வந்தாலோ உடம்பு தளர்ந்துவிடும். நினைவு அப்படியே இருக்கும், ஆனா கை காலில் வலு இருக்காது.

இதற்கு மூன்று வருடம் முன்பே பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் இதே மாதிரி ஒரு நோயாளியை விவரித்திருந்தார். ஆனால் பெயர் கொடுத்தவர் ஜெலினோ. உணர்விழப்பு, பிடித்தல் என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நார்கோலெப்சி' என்றார். இது காக்காய் வலிப்பு இல்லை, தனி நோய் என்று அடிச்சுச் சொன்னதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு. உணர்ச்சி வேகத்தில் உடம்பு தளர்வதற்கு 'கேட்டப்ளெக்சி' என்ற பெயர் 1900களின் தொடக்கத்தில் வந்தது.

பீப்பாய் வியாபாரியின் கதை அழகாக, தெளிவாக இருக்கு. அதுதான் சிக்கலும்கூட. பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிச்சா முழங்கால் மடங்கும். இந்த இரண்டு வரி பாடப்புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மூளையில் ஒரு முகவரி

1917இல் வியன்னாவில் கான்ஸ்டான்டின் ஃபான் எகோனோமோ ஒரு விசித்திரமான மூளைக்காய்ச்சலை விவரித்தார். அதில் பலர் வாரக்கணக்கில் தூங்கினார்கள், சிலருக்குத் தூக்கமே போனது. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த அவர், ஹைப்போதலாமஸின் பின்பகுதி கெட்டால் தூக்கம் மிகுகிறது, முன்பகுதி கெட்டால் தூக்கம் போகிறது என்று கண்டார். நார்கோலெப்சியின் வேரும் அந்தப் பின்பகுதியில்தான் இருக்கணும் என்று ஊகித்தார். மைக்ரோஸ்கோப்பை மட்டும் வெச்சுக்கிட்டுச் சொன்ன இந்த ஊகம் 80 வருஷம் கழிச்சு உண்மையாச்சு.

இடைப்பட்ட காலத்தில் அந்த ஊகத்தைப் பெரிதாக யாரும் கண்டுக்கலை. 1930களில் எபெட்ரினும் ஆம்ஃபெட்டமினும் நோயாளிகளை விழித்திருக்க வைத்தன. மறுபக்கம் மனப்பகுப்பாய்வுக்காரர்கள் சிலர், இது வாழ்க்கையில் இருந்து தப்பி ஓட மனசு போடும் நாடகம் என்று விளக்கம் கொடுத்தார்கள். நம்ம வாத்தியார் 'சோம்பேறி' என்று ஒரு வார்த்தையில் சொல்வதை அவர்கள் பத்து பக்கத்தில் சொன்னார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

1957இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ராபர்ட் யாஸ், டேவிட் டேலி இருவரும் நோயின் நான்கு அறிகுறிகளை ஒன்றாகத் தொகுத்தார்கள்: பகல் தூக்கம், கேட்டப்ளெக்சி, தூங்கப் போகும் நேரத்தில் வரும் மாயத் தோற்றங்கள், உடம்பை அசைக்க முடியாமல் போகும் தூக்க முடக்கம். கடைசியில் சொன்னது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நம்ம ஊர்ல அதுக்கு 'அமுக்குவான் பேய்' என்று பேர். எப்பவாவது ஒரு தடவை அமுக்குவான் வந்தால் அது நார்கோலெப்சி ஆகாது. நல்ல ஆரோக்கியமான பலருக்கும் அது வரும்.

இந்த நான்கையும் கட்டிப்போடும் கயிறு ரெம் தூக்கம், அதாவது கனவு வரும் தூக்கம். 1953இல் கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணமாகத் தூங்கி ஒன்றரை மணி நேரம் போல ஆன பிறகுதான் நாம் அதற்குள் போவோம். கனவில் ஓடுகிற மாதிரி நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமல் இருக்க, அப்போது மூளை தசைகளைப் பூட்டி வைக்கும். நார்கோலெப்சிக்காரர்கள் தூங்கிய சில நிமிடங்களிலேயே ரெம் தூக்கத்துக்குள் விழுவதை 1960இல் கவனித்தார்கள். விழிப்புக்கும் கனவுக்கும் நடுவில் இருக்கும் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. தசைப் பூட்டு மட்டும் விழித்திருக்கும்போது வந்தால் கேட்டப்ளெக்சி. கனவு மட்டும் வந்தால் மாயத் தோற்றம்.

குழந்தைகளைப் பார்த்தவர்கள்

யாஸும் டேலியும் 1960இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் குழந்தைகளின் நார்கோலெப்சி பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். அதாவது, குழந்தைகளுக்கு இது வரும் என்பது 65 வருஷத்துக்கு முன்பே அச்சில் இருந்த சங்கதி. இருந்தும் அது பொது அறிவாகவில்லை.

1976இல் இருந்து ஸ்டான்ஃபோர்டில் மேரி கார்ஸ்கடான் கோடைத் தூக்க முகாம் நடத்தினார். பிள்ளைகளை அங்கேயே தங்க வைத்து, பகலில் குறிப்பிட்ட இடைவெளியில் படுக்கச் சொல்லி, எத்தனை நிமிடத்தில் தூக்கம் வருகிறது என்று அளந்தார்கள். இன்றைக்கு நார்கோலெப்சிக்குச் செய்யும் பகல் தூக்கச் சோதனை இந்தக் காலகட்டத்து வேலைதான். இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கு அல்லது ஐந்து குட்டித் தூக்க வாய்ப்புகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டு, இரண்டு தடவையாவது உடனடி ரெம் வந்தால் நார்கோலெப்சியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த முகாமில் இன்னொன்றும் தெரிய வந்தது. பருவமடையாத, இரவு நன்றாகத் தூங்கிய குழந்தை பகலில் படுக்கச் சொன்னாலும் லேசில் தூங்காது! பத்து வயசுப் பிள்ளைதான் மனித வாழ்க்கையிலேயே ரொம்ப விழிப்பான ஜீவன். அப்படியென்றால், மதியத் தூக்கத்தை நாலஞ்சு வயசில் விட்டுவிட்ட குழந்தை எட்டு வயசில் திரும்பவும் தினமும் பகலில் தூங்க ஆரம்பிச்சா, அதைக் குணம் என்று ஒதுக்க முடியாது. ஏதோ மாறியிருக்கு.

நாய்கள் காட்டிய வழி

ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் டெமெண்ட் 1970களில் நார்கோலெப்சி உள்ள நாய்களைச் சேர்த்தார். டாபர்மேன், லேப்ரடார் இனங்களில் இது பரம்பரையாக வந்தது. பிடிச்ச தீனியைத் தட்டில் வெச்சா, சந்தோஷத்தில் அப்படியே சுருண்டு விழும். பீப்பாய் வியாபாரிக்குச் சீட்டுக்கட்டு மாதிரி இதுங்களுக்குச் சாப்பாடு. இதில் கவனிக்க வேண்டியது, பெரிய நாயாகும் வரை நோய் காத்திருக்கவில்லை. குட்டியாக இருக்கும்போதே தொடங்கிவிட்டது.

1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே மூளை வேதிப்பொருளைக் கண்டுபிடித்தன. ஒரு குழு 'ஹைப்போகிரெட்டின்' என்றது. இன்னொரு குழு, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து 'ஓரெக்சின்' என்றது. 1999இல் இம்மானுவேல் மின்யோ குழு, பல வருடத் தேடலுக்குப் பிறகு, நாய்களில் பழுதாகியிருந்தது இதன் ஏற்பி என்று காட்டியது. அதே மாதம் மசாஷி யானகிசவா குழு, ஓரெக்சின் இல்லாத எலிகளுக்கு நார்கோலெப்சி வருவதைக் காட்டியது. 2000இல் மனிதர்களிடமும் உறுதியானது. மூளையில் இதைச் சுரக்கும் நரம்பணுக்கள் ஏறக்குறைய 70,000 மட்டுமே. கேட்டப்ளெக்சியோடு வரும் நார்கோலெப்சியில், அதாவது வகை 1இல், அவற்றில் 85 முதல் 95 சதவீதம் காணாமல் போயிருந்தன. அவை இருக்கும் இடம் ஹைப்போதலாமஸ், ஃபான் எகோனோமோ சுட்டிய அதே வட்டாரம்.

மனிதர்களில் இந்த அணுக்கள் ஏன் அழிகின்றன? உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஆள் மாறி அடிப்பதால்தான் என்பது இன்று வலுவான கருத்து. 1980களின் தொடக்கத்திலேயே ஜப்பானில் யுடாக்கா ஹோண்டா, டகியோ ஜூஜி இருவரும், எதிர்ப்பு சக்தி தொடர்பான ஒரு குறிப்பிட்ட மரபணு வகை நோயாளிகளிடம் இருப்பதைக் கண்டிருந்தார்கள். ஆனா அதே மரபணு நோயே இல்லாத கோடிக்கணக்கான பேரிடமும் இருக்கு. மரபணு மட்டும் போதாது, மேலே ஒரு பொறியும் விழணும்.

பொலோன்யாவில் கார்ட்டூன் போட்டவர்கள்

காரணம் தெரிஞ்சாச்சு, ஆனா குழந்தைகள் இன்னும் பிடிபடலை. ஏன்னு புரிஞ்சது இத்தாலியின் பொலோன்யா நகரில். ஜூசெப்பே பிளாட்ஸி குழுவினர், நோய் புதுசாகத் தொடங்கிய குழந்தைகளைச் சிரிப்பு கார்ட்டூன் பார்க்க வைத்து வீடியோ எடுத்தார்கள். 2008இலும் 2011இலும் வந்த அவர்களுடைய கட்டுரைகள் விவரிக்கும் காட்சி பாடப்புத்தகத்தில் இல்லாதது.

குழந்தை பொத்தென்று விழவில்லை. இமை பாதி மூடியிருக்கு. வாய் திறந்து, நாக்கு வெளியே தள்ளியிருக்கு. முகம் தொங்கிப்போய் இருக்கு. நடை குடிச்சவன் மாதிரி தள்ளாடுது. இது சிரிக்கும்போது மட்டும் இல்லை, பல சமயம் எந்தத் தூண்டுதலும் இல்லாமல் தொடர்ந்து இருக்கு. சில பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள், நாக்கைத் துருத்துகிறார்கள். நோய் தொடங்கி நாளாக ஆகத்தான் இது மெல்ல மாறி, 'சிரிச்சா முழங்கால் மடங்கும்' என்கிற பெரியவர்கள் பாணிக்கு வருகிறது.

அதாவது பீப்பாய் வியாபாரியிடம் ஜெலினோ பார்த்தது நோயின் பிற்காலப் பதிப்பு. குழந்தைகளிடம் இருப்பது முதல் பதிப்பு.

தூக்கமும் இப்படித்தான் ஏமாத்தும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பெரியவர் கொட்டாவி விடுவார். குழந்தை எரிச்சல்படும், அடம்பிடிக்கும், ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று இருக்கும். நோய் தொடங்கிய மாதங்களில் எடை கிடுகிடுவென ஏறும். சிலர் சீக்கிரமே பருவமடைவார்கள். இப்போ இந்தப் பிள்ளைக்கு என்னென்ன பெயர் வைக்கப்படும் என்று நீங்களே ஊகிக்கலாம். வலிப்பு. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. மனச்சோர்வு. மாயத் தோற்றம் வந்தால் மனநோய். எதிலும் சேரவில்லையா, 'சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தூங்குது.'

2010, வடக்கு ஐரோப்பா

2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது ஐரோப்பாவில் சுமார் 3 கோடிப் பேருக்கு பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி போடப்பட்டது. பின்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டார்கள். 2010இல் மார்க்கு பார்டினென் உள்ளிட்ட மருத்துவர்கள், திடீரென்று நார்கோலெப்சிக் குழந்தைகள் வரிசையாக வருவதைக் கவனித்தார்கள். ஆகஸ்டில் ஸ்வீடனும் பின்லாந்தும் எச்சரிக்கை விட்டன. பின்லாந்து அந்தத் தடுப்பூசியை நிறுத்தி வைத்தது.

2012இல் வெளியான பின்லாந்துக் கணக்கு இது. 17 வயதுக்குக் கீழே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 0.31 என்று இருந்த புதிய நோயாளிகள் எண்ணிக்கை, 2010இல் 5.3 ஆனது. 17 மடங்கு! 4 முதல் 19 வயதில் ஊசி போட்டவர்களுக்கான அபாயம் போடாதவர்களைவிட 12.7 மடங்கு. அந்த வயதில் ஊசி போட்ட 16,000 பேரில் ஒருவருக்கு நோய்.

'செய்தி பரவியதால் பெற்றோர் அதிகமாகக் கூட்டிவந்தார்கள், அதனால் எண்ணிக்கை ஏறியது' என்ற வாதமும் அப்போது வந்தது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதைக் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் தொடர்பு நின்றது. 2013இல் இங்கிலாந்து ஆய்வும் அதே திசையைக் காட்டியது.

இதை வைத்து 'தடுப்பூசியே ஆபத்து' என்று வாட்சப்பில் அனுப்புகிறவர்களுக்காக இன்னொரு தகவல். பெய்ஜிங்கில் ஃபாங் ஹான் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதே பன்றிக்காய்ச்சல் அலைக்குப் பிறகு அங்கே நார்கோலெப்சி ஏறக்குறைய 3 மடங்கானது. அங்கே நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசியே போடாதவர்கள். ஐரோப்பாவில் போடப்பட்ட வேறு பன்றிக்காய்ச்சல் தடுப்பூசிகளில் பாண்டெம்ரிக்ஸ் அளவுக்கு அபாயம் தெரியவில்லை. ஆக, குறிப்பிட்ட மரபணு உள்ள உடம்பில் அந்த வைரஸோ, அந்த ஒரு தயாரிப்போ பொறியாக இருந்திருக்கலாம். சரியான வழிமுறை இன்னும் ஆராய்ச்சியில் இருக்கு. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு பின்லாந்திலும் ஸ்வீடனிலும் இழப்பீடு கொடுத்தார்கள்.

நம்ம கேள்விக்கு இதில் கிடைக்கும் விஷயம் வேற. அந்தப் பிள்ளைகள் பத்து வருஷம் கழிச்சு வரவில்லை, நோய் தொடங்கிய சில மாதங்களிலேயே வந்தார்கள். நோயின் முதல் பதிப்பை இத்தனை டாக்டர்கள் ஒரே நேரத்தில் நேரில் பார்த்தது அப்போதுதான். ஒரு துயரம் நடந்துதான் பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

மருந்து என்ன இருக்கு

அழிந்த அணுக்களைத் திரும்பக் கொண்டுவர இன்று வழியில்லை. அறிகுறிகளை நன்றாகவே அடக்கலாம்.

முதல் மருந்துக்குக் காசு கிடையாது. நேரம் தவறாத இரவுத் தூக்கம், பகலில் திட்டமிட்ட 15-20 நிமிடக் குட்டித் தூக்கம் ஒன்றோ இரண்டோ. மதிய இடைவேளையில் பள்ளி ஒரு பெஞ்ச் கொடுத்தால் போதும், அடுத்த இரண்டு பீரியட் அந்தப் பிள்ளை பிள்ளையாக இருக்கும்.

பகல் தூக்கத்துக்கு மெத்தில்ஃபெனிடேட் பழைய மருந்து. யாஸும் டேலியும் 1959லேயே அதைப் பற்றி எழுதினார்கள். மொடாஃபினிலையும் டாக்டர்கள் கொடுப்பதுண்டு, ஆனால் கடுமையான தோல் ஒவ்வாமை பயத்தால் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அது அங்கீகரிக்கப்படவில்லை. கேட்டப்ளெக்சிக்கு வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் உதவும். ரெம் தூக்கத்தை அவை அடக்குவதுதான் காரணம். திடீரென்று நிறுத்தினால் கேட்டப்ளெக்சி பல மடங்காகத் திரும்பும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

சோடியம் ஆக்சிபேட், இரவில் கொடுக்கும் திரவ மருந்து. குழந்தைகளை வைத்தே சோதித்து, 7 வயதுக்கு மேல் கொடுக்கலாம் என்று 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. ஜெலினோ பெயர் வைத்து 138 வருடம் கழித்து! படுக்கும்போது ஒரு தடவை, இரண்டரை முதல் நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. நடுராத்திரி அலாரம் வைத்து அம்மாவோ அப்பாவோ எழுந்து கொடுக்கணும். மூச்சைக் குறைக்கும் ஆபத்து உள்ளதால் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்து இது. பிட்டோலிசன்ட் 2023இல் ஐரோப்பாவிலும் 2024இல் அமெரிக்காவிலும் 6 வயது முதல் அனுமதி பெற்றது. இல்லாமல் போன ஓரெக்சினின் வேலையையே செய்யும் மாத்திரைகள் இப்போது சோதனையில் இருக்கு. முதலில் வந்த ஒன்று கல்லீரலைப் பாதித்ததால் 2021இல் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்தது பெரியவர்களிடம் நல்ல பலன் காட்டியிருக்கு.

வீட்டில் என்ன பார்க்கணும்

ஐரோப்பா, அமெரிக்கக் கணக்கில் இந்த நோய் ஒரு லட்சம் பேரில் 25 முதல் 50 பேருக்கு இருக்கும். அபூர்வம்தான். வகுப்பில் தூங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் ராத்திரி போன், விடிகாலை டியூஷன், அல்லது டான்சில் வீங்கி வரும் குறட்டை. முதலில் அதைத்தான் சரிபார்க்கணும்.

அதெல்லாம் சரியாக இருந்தும், ராத்திரி ஒன்பது பத்து மணி நேரம் தூங்கியும் மூன்று மாதத்துக்கு மேல் தினமும் பகலில் தூங்குதா? விட்டுப்போன மதியத் தூக்கம் திரும்பி வந்திருக்கா? சிரிக்கும்போது முகம் தொங்குதா, நாக்கு வெளியே வருதா, கையில் இருந்த பொருள் நழுவுதா? சில மாதங்களில் எடை காரணமில்லாமல் ஏறியிருக்கா? தூங்கப் போகும்போது அறையில் யாரோ நிற்பதாகப் பயப்படுதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், குழந்தைகள் நரம்பியல் மருத்துவரையோ தூக்க மருத்துவரையோ பாருங்கள்.

போகும்போது இரண்டு விஷயம் எடுத்துட்டுப் போங்க. ஒன்று, இரண்டு வாரத் தூக்கக் கணக்கு: எப்போ படுத்தது, எப்போ எழுந்தது, பகலில் எப்போ தூங்கியது. இன்னொன்று, பிள்ளை வடிவேலு காமெடி பார்த்துச் சிரிக்கும்போது போனில் எடுத்த வீடியோ. ஆஸ்பத்திரி நாற்காலியில் டாக்டர் முன்னாடி எந்தக் குழந்தையும் அப்படிச் சிரிக்காது. பொலோன்யாவில் கேமரா வெச்சுப் பிடிச்சதை நீங்க வீட்டு சோஃபாவிலேயே பிடிக்கலாம்.

அந்த வீடியோ எடுக்கிற வரைக்குமாவது பிள்ளையைத் திட்டாம இருங்க. மூளையில் அந்த 70,000 அணுக்களில் பெரும்பாலானவை அழிஞ்சுபோன குழந்தை, திட்டினதால விழிச்சுக்காது.